சேசடிமை சாரின் உயரம்

“‘ஒரு நல்ல மனுசனுக்குப் பேன்ட்டுக் கால மடக்கித் தைக்கதுக்கு இம்புட்டு வாயா’ன்னு கேட்டியளே, அதுக்கே பதில் சொல்லுதேன், இருங்க” என்று, கணவர் கிளீட்டஸ் ஒரு நிமிடத்துக்கு முன்னால் சொன்னதை அதே வார்த்தையில், அதே இழுப்பில், கடைசியில் அவர் விட்ட பெருமூச்சையும் சேர்த்து அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, தையல் மிஷினின் சக்கரத்தை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்தினாள் மெற்றில்டா. “வருசத்துல இது ஏழாவது மடிப்பு. போன வருச ஆவணியில கிளப்புக்குப் புதுசு தச்சப்போ அந்த மனுசன் அஞ்சடி பத்து இஞ்சு. இப்ப நாலடி ரெண்டு. பேன்ட்டு சுருங்கினா தண்ணியக் குத்தம் சொல்லலாம். ஆளு சுருங்கினா யாரக் குத்தம் சொல்ல?”

“குத்தமா? எட்டீ, அது வரம்.”

“யாருக்கு?”

கிளீட்டஸின் கை மூக்குக் கண்ணாடிக்குப் போனது. கோயிலின் பங்குப் பேரவைக்குத் துணைத் தலைவர் ஆனதிலிருந்து, கஷ்டமான கேள்வி வந்தால் அதைக் கழற்றித் துடைக்கிற பழக்கம் அவருக்கு வந்திருந்தது. துடைத்து மாட்டிக்கொண்டு, பேரவைக் கூட்டத்திலிருந்து கொண்டுவந்த தாளை எப்போதும்போல மிஷின் மேசையின் ஓரத்தில் வைத்தார். “ஒரு பக்கம் வெறுந்தாள்தான். அளவு எழுத ஆவும்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

கோரைத்துறையில் சேசடிமை சாரைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது. புனித அந்திரேயா கால்பந்துக் கழகத்தின் பயிற்சியாளர். முதல் பூசைக்கு மணி அடிக்கும் முன்பே கோயிலின் கடைசித் தூணுக்குப் பின்னால் முழங்காலில் நிற்பவர். ஜெயித்தால் கோப்பை வாங்க மேடையேறாமல் பந்துகளை வலைப்பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டிருப்பவர். தோற்றால் எதிரணிக் கோச்சைத் தேடிப்போய் இரண்டு கையாலும் கைகொடுப்பவர். கோட்டோரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தாமல், இடைவேளையில் ஆட்டக்காரர்களை வட்டமாக உட்காரவைத்து, காதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மட்டும் கேட்கிற குரலில் நாலு வார்த்தை சொல்பவர். அந்த நாலு வார்த்தைக்குக் கரையோரத்து ஊர்கள் எல்லாம் தோற்றன. மூன்று கோப்பைகள் பங்கு அலுவலகத்தின் அலமாரியில் இருந்தன. இப்படிப்பட்ட ஒருவரின் உயரம் குறையத் தொடங்கியபோது ஊர் அதிர்ச்சி அடையவில்லை என்பதில் அதிசயம் எதுவும் இல்லை. இத்தனை நாள் ஏன் குறையாமல் இருந்தது என்றுதான் சிலர் கேட்டார்கள்.

தொடங்கியது அவருடைய மனைவி வனஜா இறந்த வருடம். வனஜா உள்நாட்டுக்காரி, தக்கலைப் பக்கம். கல்யாணம் கட்டி இருபத்திரண்டு வருடம் இந்த ஊரில் இருந்தும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அவளுடைய அம்மாவுக்குக் கொடுத்த ஒரு வாக்கு என்று சொன்னாள், அதற்கு மேல் யார் கேட்டாலும் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்தால் பதினாறு ஜெர்சியையும் அவள்தான் துவைப்பாள், துவைத்துக் கல்லறைத் தோட்டத்தின் நாலரை அடிச் சுவரில் வரிசையாகக் காயப்போடுவாள், காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைப்பாள். போன வருடம் புரட்டாசியில் மஞ்சள் காமாலை வந்து பதினொரு நாளில் போய்விட்டாள். ஞானஸ்நானம் இல்லாதவர்களுக்குச் சுவருக்குள்ளே இடம் இல்லை என்பது ஊர் வழக்கம் என்பதால், சுவருக்கு வெளியே, கடல் பக்கத்து மணலில், ஜெர்சி காய்ந்த அதே இடத்துக்கு நேர் கீழே அவளைப் புதைத்தார்கள். சேசடிமை சார் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அன்றைக்கு அதுவே ஊர்ப் பேச்சாக இருந்தது: ஒரு வார்த்தை பேசலியே, பாத்தியளா, வேற எவனாவது இருந்தா சுவர இடிச்சிருப்பான்.

முதலில் குறைந்தது நாலு விரல். துக்கம் என்றார்கள். அடுத்து இன்னொரு நாலு விரல். நாகர்கோவிலில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் படம் எடுத்துப் பார்த்து, எல்லாம் அளவோடுதான் குறைஞ்சிருக்கு, ஒண்ணும் நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு அதற்குத் தாழ்ச்சி என்று பெயர் வந்துவிட்டது. தாழ்ச்சியுள்ளவர் தாழ்கிறார், இதில் கேட்க என்ன இருக்கிறது. கோட்டோரத்தில் அவர் நின்றால் ஆட்டம் தெரியாமல் போனபோது ஏலக்கூடத்திலிருந்து ஒரு மீன் பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டார்கள், பிறகு அதற்கு நீலப் பெயின்ட் அடித்து ‘கோச்’ என்று எழுதினார்கள். முடிவெட்டுகிற கடையில் சின்னப் பிள்ளைகளுக்காக நாற்காலிக் கைகளின் மேல் போடுகிற பலகையை அவருக்காகவும் போட்டார்கள், அவர் இறங்கியதும் அந்தப் பலகையைத் தொட்டு நெற்றியில் குருசு போட்டுக்கொண்டார்கள். பஸ்ஸில் புதுக் கண்டக்டர் ஒருவர் அரை டிக்கெட் கிழித்துக் கொடுக்க, அவர் அதைத் திருப்பிக் கொடுத்து முழு டிக்கெட் கேட்டு வாங்க, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எழும்பி நின்று கைதட்டினார்கள். அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை அவர் பக்கத்தில் நிறுத்தி, ‘சாரு உசரம் வந்துட்டியே மக்கா’ என்று சந்தோஷப்பட்டார்கள். அவரோடு பேசும்போது நிமிர்ந்து நிற்பது மரியாதை இல்லை என்று ஆண்கள் குனியத் தொடங்கி, குனிந்தது பழகிப்போய் அவர் இல்லாத இடத்திலும் குனிந்தே நடக்க, மருந்துக் கடையில் முதுகு வலித் தைலம் தீர்ந்துபோனது. எதிரணிக்காரர்கள் கூட அவரைப் பார்க்கவென்றே ஆட்டத்துக்கு வந்து, பார்த்ததில் மனம் இளகி, இளகினதில் கோல் விட்டார்கள். சித்திரையில் பேரவை, தச்சரிடம் சொல்லி, கோயில் வாசலில் வைப்பதற்கு இரண்டடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூடு செய்ய வைத்தது. எந்தப் புனிதருடைய சுரூபம் அதற்குள் வரப்போகிறது என்று மெற்றில்டா கேட்டபோது, அது இன்னும் தீர்மானம் ஆகல்ல என்று சொல்லிக் கிளீட்டஸ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

மெற்றில்டாவுக்கு இதில் ஒன்றும் பிடிக்கவில்லை. தாழ்ச்சியை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தவள். கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில், போர்டிங்கில் தங்கிப் பத்து வருடம் படித்தாள். அங்கே வருடா வருடம் தாழ்ச்சிக்கென்று ஒரு பதக்கம் கொடுப்பார்கள். நாலு வருடம் தொடர்ந்து அதை வாங்கியவள் எக்ஸ்பெடிட் மேரி என்கிறவள். தலையைக் குனிந்தால் நிமிரவே மாட்டாள். பதினொன்றாம் வகுப்பில்தான் தெரிந்தது, கணக்குப் பரீட்சைக்கு விடையெல்லாம் அவள் காலில் பேனாவால் எழுதியிருந்தாள் என்று. அன்றிலிருந்து குனிந்த தலையைக் கண்டால் மெற்றில்டாவின் கண் தன்னால் அந்த ஆளின் காலுக்குப் போய்விடும். அவளுக்கு ஒரு வருடம் கூட அந்தப் பதக்கம் கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான். விண்ணப்பக் கடிதம் எழுதும் பாடத்தில் அவள் எப்போதும் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்பதை விட்டுவிட்டு ‘கேட்கிறேன்’ என்று முடிப்பாள். சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் அரை மதிப்பெண் குறைப்பார்.

ஆகவே சேசடிமை சார் மேல் அவள் பல விதமாகச் சந்தேகப்பட்டாள். பேன்ட்டுக்குள்ளே முழங்காலை மடக்கிக்கொண்டு நிற்கிறாரோ என்று பார்த்தாள். முதலில்தான் செருப்புக்குள் கட்டை வைத்து உயரமாக இருந்தாரோ, இப்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறாரோ என்று யோசித்தாள். கைதட்டல் வாங்கவென்றே ஒரு மனிதன் சுருங்கக் கூடும் என்பதை அவள் நம்பத் தயாராக இருந்தாள். எக்ஸ்பெடிட் மேரிக்கு மட்டும் இந்த வித்தை தெரிந்திருந்தால் அவள் தீப்பெட்டிக்குள் அடங்கியிருப்பாள்.

முந்தின தடவையெல்லாம் கிளீட்டஸ் எடுத்துவந்த அளவைத்தான் எழுதிக்கொண்டாள், இந்தத் தடவை ஆளை நேரில் அனுப்பச் சொன்னாள். மறுநாள் காலையில் சேசடிமை சார் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக, யார் காலும் இடறாத இடத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

“உங்களுக்குத்தான் எப்பவும் கஷ்டம், மைனி.”

“கஷ்டம் இருக்கட்டும் சார். முட்ட நேரா வச்சு நில்லுங்க. ஸ்டூல் மேல ஏறுங்க.”

ஏறினார். அவள் அவருடைய முழங்காலை விரலால் தட்டிப் பார்த்தாள், எலும்புதான். குதிகாலுக்குக் கீழே நகத்தை விட்டுப் பார்த்தாள், கட்டை எதுவும் இல்லை. இஞ்சு டேப்பை அவர் உச்சியில் பிடித்துக் காலடி வரைக்கும் இறக்கினாள். ஐம்பது. நாலடி இரண்டு. எழுதுவதற்குக் கிளீட்டஸ் வைத்துவிட்டுப் போன தாளை எடுத்து வெறும் பக்கத்தைத் திருப்பினாள்.

அவர் அந்தத் தாளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“மைனி, அண்ணன்கிட்ட ஒரு காரியம் தாழ்மையா கேட்டிருந்தேன். அண்ணன் வீட்டுல எதாவது…”

“பேரவைக் காரியம் எல்லாம் அவருகிட்டேயே பேசுங்க சார். நீங்க தாழ்மையான ஆளுன்னு ஊருக்கே தெரியுமே, நான் வேற தனியாச் சொல்லணுமா?”

அவர் உச்சியில் அவள் ஒரு கையால் இன்னும் பிடித்திருந்த டேப் ஒரு விரக்கடை தொய்ந்தது. தொய்ந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். முட்டை மடக்கிட்டாரு, சரியான கள்ளன் என்று நினைத்து, குனிந்து பார்த்தாள். முழங்கால்கள் நேராகத்தான் நின்றன.

“சரி மைனி” என்று சொல்லி அவர் ஸ்டூலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக இறங்கிப் போனார்.

அன்று மத்தியானம் மெற்றில்டா சாப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, மிஷின் இழுப்பறையிலிருந்து அவருடைய பழைய அளவுத் தாள்களை எடுத்து, இன்றையதோடு ஏழையும் தரையில் வரிசையாகப் பரப்பினாள். ஏழிலும் அவள் கையெழுத்து: உயரம், இடுப்பு, கால் நீளம். ஜெயித்த ஆட்டத்துக்கு அடுத்த நாள்தான் உயரம் குறைகிறது என்று காட்டிவிட்டால் போதும், கைதட்டலுக்குத்தான் சுருங்குகிறார் என்பது நிரூபணம் ஆகிவிடும், கிளீட்டஸின் முகத்தில் அதை ஒட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு. ஆனால் அவசரக்காரி, ஒன்றிலும் தேதி போடவில்லை. பேரவைத் தாளாயிற்றே, முன்பக்கத்தில் தேதி இருக்கும் என்று முதல் தாளைத் திருப்பினாள். இத்தனை நாளும் அவள் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை. தெருவிளக்கு எரியவில்லை, ஓடை அடைத்திருக்கிறது, எல்லாக் கடுதாசியும் ஒரே மாதிரிதான் தொடங்கும், ஒரே மாதிரிதான் முடியும். அதைப் படிக்க அவளுக்குப் பொறுமை கிடையாது.

சேசடிமை சாரின் கையெழுத்து. போன வருடம் ஐப்பசி மாதம், கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம். ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். கல்லறைத் தோட்டத்தின் கடல் பக்கத்துச் சுவரை ஆறடி வெளியே தள்ளிக் கட்டினால் என் மனைவி வனஜாவின் குழியும் உள்ளே வந்துவிடும், கல் சுமக்கிற வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன், தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது தாளில், சுவரைத் தள்ள வேண்டாம், ஒரு சின்ன வாசல் வைத்தால் போதும் என்று இருந்தது. மூன்றாவதில் வாசல் வேண்டாம், திருநாள் அன்றைக்குப் பங்குச் சாமியார் கல்லறைகளை மந்திரிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கமும் இரண்டு துளி தீர்த்தம் தெளித்தால் போதும். நாலாவதில் தீர்த்தமும் வேண்டாம், அன்றைக்கு வாசிக்கிற இறந்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் வந்தால் போதும். ஐந்தாவதில், எல்லார் பெயரையும் வாசித்து முடித்த பிறகு கடைசியாக வாசித்தாலும் போதும். ஆறாவதில், மைக் இல்லாமல் வாசித்தாலும் போதும். முன்பெல்லாம் பூசை நேரத்தில் உள்ளே நின்றபடியே சுவருக்கு மேலே அவள் இருக்கிற இடத்தைப் பார்ப்பேன், இப்போது சுவர் என் கண்ணை மறைக்கிறது, ஆகவே கேட்கிறேன். ஏழாவது நாலே வரி: பெயரைச் சொல்ல வேண்டாம். பட்டியல் முடிந்ததும், ஒரு பெயர் சொல்லுகிற அளவு நேரம் எல்லாரும் சும்மா இருந்தால் போதும். தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மெற்றில்டா ஒவ்வொரு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தப் பக்கம் கேட்டது குறையக் குறைய அந்தப் பக்கம் ஆள் குறைந்திருந்தது. இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான், அவள் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் டேப் எந்த வார்த்தைக்குத் தொய்ந்தது என்பது நினைவுக்கு வந்தபோது அவள் எழும்பிப் போய் ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள்.

கிளீட்டஸ் சாயங்காலம் வந்ததும் ஏழு தாளையும் அவர் முன்னால் போட்டாள்.

“இதுக்கு நீங்க என்ன பதில் குடுத்திய?”

“பேரவையில வாசிச்சோமே. ஏழையும் வாசிச்சோம்.”

“வாசிச்சு?”

“என்னத்தச் சொல்ல. சாமியார் கண்ணத் தொடச்சாரு. எல்லாரும் எழும்பி நின்னு கைதட்டினோம். இப்படித் தாழ்மையா ஒரு கடுதாசி இந்தக் கரையில எவனுக்கும் எழுத வராது. ஒரு கோபம் உண்டா, ஒரு வசவு உண்டா, நீயே பாரு.”

“நான் பதில் கேட்டேன்.”

“வற்புறுத்தல பாத்தியா, அதுதான் அவருக்க பெருமை.”

“ஆமான்னு சொன்னா என்ன? இல்ல, மாட்டோம்னு சொன்னா என்ன? ரெண்டுல ஒண்ணச் சொல்லியிருந்தா அந்த மனுசன் அஞ்சடி பத்து இஞ்சுலயே நின்னிருப்பாரு.”

“ஆமான்னா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் வெளியில கிடக்க ஆளுக்கெல்லாம் கேப்பான். இல்லன்னா,” கிளீட்டஸ் நிறுத்தினார், “அவரப் போல ஒருத்தர்கிட்ட எப்படி இல்லன்னு சொல்ல? எவனுக்கு மனசு வரும்?”

“அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள யாரு நிக்கப் போறது?”

அவர் மூக்கிலிருந்து கண்ணாடியை எடுத்தார். அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கி மிஷின் மேல் வைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லாமல் அவர் கை சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது. “அவரு கேக்காம இருந்தா குறையாது” என்றார் கடைசியில், ரொம்ப மெதுவாக. “அது எங்களுக்கு நாலாவது கடுதாசியிலயே தெரியும்.”

மெற்றில்டா அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பேசாதது அவளுக்குப் பழக்கமில்லாததால் வீட்டில் பாத்திரங்கள் பேசின. மூன்றாம் நாள் ஒரு நல்ல முழுத் தாளை எடுத்து, இரண்டு பக்கமும் வேறு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தானே எழுதினாள். வனஜாவின் பெயரைப் பட்டியலில் வாசிக்க வேண்டும், மைக்கில் வாசிக்க வேண்டும், கேட்கிறேன், இப்படிக்கு. அரை மதிப்பெண் போனால் போகட்டும் என்று அதோடு நிறுத்தினாள். மைதானத்துக்குக் கொண்டு போனாள். சேசடிமை சார் நீலப் பெட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தார், அடுத்த ஞாயிறு அரையிறுதி. பெட்டி மேல் நின்றும் அவர் அவள் நெற்றி வரைக்கும்தான் இருந்தார்.

“கையெழுத்துப் போடுங்க.”

படித்தார். “சண்டைக்குப் போற மாதிரி இருக்கே, மைனி.”

“சண்டைதான்.”

“அந்த ஒரு வார்த்தை இல்லாம எப்படிக் கேக்க?”

“அந்த வார்த்தையத்தான் சார் அவங்க எடுத்து வச்சுக்கிடுதாங்க. உங்களத் திருப்பி அனுப்புதாங்க.”

அவர் சிரித்தார். வனஜா சிரிப்பதுபோல, அதற்கு மேல் கேட்க முடியாத சிரிப்பு. தாழ்மையில் ஒரு மனிதனுக்கு இத்தனை பிடிவாதமா என்று மெற்றில்டாவுக்கு மறுபடியும் சந்தேகம் வந்தது. இந்த மனிதர் கடைசி இஞ்சு வரைக்கும் குறைந்து, அந்தக் கூட்டுக்குள் போய், அப்போதும் கண்ணாடியின் உள்பக்கத்தில் விரலால் அதே வார்த்தையை எழுதுவாரோ என்று தோன்றியது. அவர் தாளை நாலாக மடித்து அவளிடமே கொடுத்தார்.

“என்னால முடியாது, மைனி. நீங்க கேட்டா கேளுங்க. நான் அன்னைக்கு சுவருக்கு அந்தப் பக்கம் அவகூட நிக்கேன். அங்க கேக்கும்.”

கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் நாலு மணிக்கே ஊர் முழுக்கத் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு கல்லறையிலும் வெள்ளையடித்து, செவ்வந்திப் பூவைச் சிலுவை மாதிரி அடுக்கி, காற்றுக்கு அணையாமல் மெழுகுதிரிகளை மணலுக்குள் பாதி புதைத்து வைத்திருந்தார்கள். சேசடிமை சாரை உள்ளே காணவில்லை. அவர் வழக்கமாக நிற்கிற இடத்தை மரியாதைக்காகக் காலியாக விட்டிருந்தார்கள், அதைச் சுற்றி நின்றவர்கள் பழக்கத்தில் குனிந்திருந்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பினார். கோயில் உபதேசியார் மைக்கில் பட்டியலை வாசித்தார். இருநூற்றுச் சொச்சம் பெயர்கள்; ஒவ்வொரு பெயருக்கும் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு விசும்பல் வந்தது. கடைசிப் பெயரை வாசித்து, தாளை மடித்து, முடிவு செபத்துக்கு வாய் திறந்தார்.

“ஒரு பேரு விட்டுப் போச்சு” என்றாள் மெற்றில்டா.

மைக் இல்லாமலே அது எல்லாருக்கும் கேட்டது. அவள் குரல் அப்படி. தலைகள் திரும்பின. பெண்கள் பக்கத்திலிருந்து நடந்துபோய்ச் சாமியாருக்கும் உபதேசியாருக்கும் நடுவில் நின்றாள்.

“சேசடிமை சாரு பொண்டாட்டி, வனஜா. ஏழு கடுதாசி எழுதிக் கேட்டாச்சு. உள்ளே இடம் கேக்கல்ல இப்ப. வாசல் கேக்கல்ல. பேரத்தான் கேக்கேன். வாசிங்க.”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல், தாழ்ந்து, நெகிழ்ந்து வந்தது: “மெற்றில்டா மைனிக்கா இந்த மனசு.” இன்னொருத்தி சொன்னாள்: “வாய்தான் அப்படி. உள்ளுக்குள்ள தங்கம்.” “சாருக்காக வந்து நிக்காளே, தனக்காகவா கேக்கா.” உபதேசியார் கண்ணைத் துடைத்தார். யாரோ ஒருவர், பேரவைக்காரராகத்தான் இருக்க வேண்டும், இரண்டு கையையும் மெதுவாகச் சேர்த்தார், தட்டுவதற்கு.

மெற்றில்டாவுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயங்கரமாக, அது கொஞ்சம் சுகமாகவும் இருந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு யாரோ ஒரு பதக்கத்தை அவள் பக்கமாக நீட்டுவதுபோல. அப்போது கணுக்காலில் ஏதோ குறுகுறுத்தது. குனிந்து பார்த்தாள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தரையிலிருந்து ஒரு விரக்கடை மேலே கட்டிவிட்டு வந்த புடவையின் கரை, மணலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“கையக் கீழ போடுங்க” என்றாள். “ஒருத்தரும் என்னப் பத்திப் பேசாண்டாம். நான் நல்லவ இல்ல, அந்தக் கடுதாசிய எல்லாம் திருப்பிப் போட்டுப் பேன்ட்டு அளவு எழுதினவ நான்.”

சேர்ந்த கைகள் பிரிந்தன. கிளீட்டஸ் ஆண்கள் பக்கத்தில் முன் வரிசையில் நின்றார், கையில் கண்ணாடி, துடைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். சாமியார் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் மடித்த தாளைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்கிறாரா இல்லையா என்று இங்கிருந்து தெரியவில்லை. சுவரின் மேல், முன்பு ஜெர்சி காயப்போட்ட இடத்தில், காற்றுக்குப் பறக்காமல் வைக்கிற ஒரு கல் மட்டும் இருந்தது.

மெற்றில்டா கொசுவத்தைப் பிடித்துக் கரையை மணலிலிருந்து தூக்கி இடுப்பில் செருகினாள். முதுகை நிமிர்த்தினாள். அத்தனை பேர் குனிந்து நின்ற அந்தத் தோட்டத்தில் அவள் தலை மட்டும் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது.

“மூணு எழுத்துதான், ஃபாதர்” என்றாள்.

மெழுகுதிரிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தன.

“மூணே எழுத்து. வாசிங்க.”